மலிவு விலை ஹாக்கி சாதனங்கள்: எது எப்படிக் கெடும் என்று பார்த்து வாங்குவது

புதிதாக ஹாக்கி ஆட வருபவர்களும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த விலைக்கு இந்த மட்டை பரவாயில்லையா? கேள்வி நியாயமானது. ஆனால் கடையில் உறை பிரிக்காமல் இருக்கும்போது எந்தச் சாதனமும் பளபளப்பாகத்தான் இருக்கும். விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி சில மாத ஆட்டத்துக்குப் பிறகுதான் வெளியே வருகிறது. அதனால் நான் பதிலுக்கு வேறொன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். இந்தப் பொருள் கெடும்போது எப்படிக் கெடும்? மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியும்படி கெடுமா, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கெடுமா, நல்ல நாளிலேயே ஒரே அடியில் கைவிட்டுவிடுமா? கெட்டால் நட்டம் பணத்தோடு போகுமா, பல்லுக்கும் கால் எலும்புக்கும் போகுமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மட்டையிலிருந்து தொடங்குகிறேன், செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது, குழப்பமும் அதில்தான் அதிகம். இன்று விற்கும் மட்டைகளில் பெரும்பாலானவை காம்போசிட் வகையைச் சேர்ந்தவை. கண்ணாடி இழை, கார்பன் இழை, சிலவற்றில் அராமிட் என்னும் உறுதியான செயற்கை இழை ஆகியவற்றின் அடுக்குகளைப் பிசினோடு சேர்த்து அச்சில் வைத்து, அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக்கி எடுப்பார்கள். மட்டையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் சதவீதம் அதில் கார்பன் எவ்வளவு என்பதைச் சொல்வதற்காக இருக்கிறது. விலையும் ஏறக்குறைய அந்த எண்ணைப் பின்தொடர்ந்தே ஏறுகிறது. கார்பன் கூடக் கூட மட்டை விறைப்பாகிறது. விறைப்பான மட்டை அடிக்கும்போது குறைவாக வளைவதால், வீச்சின் ஆற்றல் வீணாகாமல் பந்துக்குப் போய்ச் சேருகிறது. அதே விறைப்பு, வேகமாக வரும் பந்தை நிறுத்த முயலும்போது நமக்கு எதிராக வேலை செய்கிறது: பந்து மட்டையில் பட்டுத் தெறித்து விலகும், சரியான இடத்தில் படாத அடியின் அதிர்வு அப்படியே உள்ளங்கைக்கு வரும். பந்தை வாங்கவும், காலடியில் வைத்துக்கொள்ளவும், நேராகத் தள்ளவும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 90 சதவீதக் கார்பன் மட்டை பணம் கொடுத்து வாங்கிய தொல்லை என்றே சொல்வேன். கண்ணாடி இழை மிகுந்த, கார்பன் 10 அல்லது 20 சதவீதம் மட்டுமே உள்ள மட்டை பந்தை மென்மையாக வாங்கிக்கொள்ளும். அதுவே விலை குறைந்ததாகவும் இருப்பது புதியவர்களின் நல்ல காலம்.

அந்தச் சதவீதத்தையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. அது மொத்த எடையில் எத்தனை பங்கு, இழைகளின் எடையில் மட்டும் எத்தனை பங்கு என்பதையெல்லாம் ஆட்ட விதிகள் வரையறுக்கவில்லை. ஒரு தயாரிப்பாளரின் 50 சதவீதமும் இன்னொருவரின் 50 சதவீதமும் கையில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எந்த இழை எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கிறது, பிசின் எல்லா இடமும் சீராகப் பரவியிருக்கிறதா என்பவை அந்த எண்ணைவிட முக்கியம். விலைச் சீட்டில் இவை இருப்பதில்லை.

உடைந்த மட்டைகளைக் குறுக்காக அறுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒருமுறை கழுத்துப் பகுதியில் முறிந்த மிக மலிவான மட்டை ஒன்றை இரும்பறுக்கும் வாளால் அறுத்தபோது, காசு எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது அந்த வெட்டுமுகத்திலேயே தெரிந்தது. மட்டை உள்ளே வெறும் கூடுதான்; நடுவில் ஒரு தடுப்புச் சுவர் அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. வெளிச்சுவர் ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் அதில் பாதியளவுமாக இருந்தது. தடித்த பக்கத்தில் இழையே இல்லாமல் பிசின் மட்டும் தேங்கி, கண்ணாடிபோல் மினுங்கியது. நகத்தால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. மெல்லிய பக்கத்திலோ இழைகள் பிசினை உறிஞ்சாமல் உலர்ந்து கிடந்தன. விரலால் இழுத்தபோது வெள்ளை நூல்களாக உருவிக்கொண்டு வந்தன. முறிவு தொடங்கியிருந்தது சரியாக அந்த உலர்ந்த இடத்தில்தான். இன்னொரு மட்டை, அதைவிடச் சற்றே விலை கூடியது, கார்பன் சதவீதம் ஏறக்குறைய அதேதான். அதன் சுவர் சுற்றிலும் ஒரே தடிப்பில் இருந்தது, அடுக்குகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலிருந்தது. அது உடைந்ததும் வேறு விதம்: பல மாதங்கள் விளிம்பு தேய்ந்து, தலைப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாகி, கடைசியில்தான் விரிசல் விட்டது. பிரித்து அடையாளம் காண வேண்டியது இந்த இரண்டு மட்டைகளையும்தான்.

கடையில் யாரும் மட்டையை அறுக்க விடமாட்டார்கள் என்பதால், வெளியிலிருந்தே உள்ளே இருப்பதை ஊகிக்க வேண்டும். நான் செய்யும் முதல் காரியம், ஒரே மாடலில் ஒரே அளவுள்ள மூன்று நான்கு மட்டைகளை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றையும் ஒரே விரலின் மேல் சமநிலையில் நிறுத்திப் பார்ப்பது. சமநிலைப் புள்ளி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் தொழிற்சாலையில் அளந்து செய்கிறார்கள் என்று பொருள். ஒன்றில் தலைப் பக்கமும் ஒன்றில் கைப்பிடிப் பக்கமுமாக அலைந்தால், உள்ளே பிசின் போன போக்கில் தேங்கியிருக்கிறது. அந்த வரிசையில் நல்ல மட்டை ஒன்று இருக்கலாம், ஆனால் அது நம் கையில் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எடைத் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது. விதி அனுமதிக்கும் உச்ச எடை 737 கிராம். இன்றைய மட்டைகள் அதற்கு வெகு கீழே, பெரும்பாலும் 500 முதல் 600 கிராமுக்குள் இருப்பதால் வரம்பை மீறும் அச்சம் கிடையாது. கவனிக்க வேண்டியது, ஒரே பெயருள்ள இரண்டு மட்டைகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டுமே.

அடுத்து, கைப்பிடி முனையைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்க வேண்டும். மட்டை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கோணத்தில் உடனே தெரியும். பின்பு தட்டையான முகம் கீழே இருக்கும்படி மேசையில் கிடத்தினால் தலையும் கைப்பிடி முனையும் மட்டும் தொட்டுக்கொண்டு, நடுப்பகுதி வில்லாக எழும்பி நிற்கும். அந்த இடைவெளி 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதன் உச்சி தலையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும். வளைவின் உச்சி தலைக்கு மிக அருகில் இருக்கும் ‘லோ போ’ மட்டைகள், பந்தை மட்டையோடு இழுத்து வந்து கோலை நோக்கி வீசும் டிராக் ஃபிளிக் போடுபவர்களுக்காக உருவானவை. அவற்றைக் கொண்டு நேராகத் தரையோடு அடிப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும். பழகாத கையில் பந்து எழும்பிப் பறக்கும். மலிவு மட்டைகளில்கூட இப்போது இந்த வளைவு வந்துவிட்டது, அதுவும் நட்சத்திர ஆட்டக்காரரின் மட்டையைப் போலத் தெரியவேண்டும் என்பதற்காகவே என்று நினைக்கிறேன். உச்சி சற்று மேலே அமைந்த சாதாரண வளைவே தொடக்கத்துக்குப் போதும்.

மட்டை முழுவதும் 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும் என்பதும் விதி. தடித்த அட்டையில் அந்த அளவுக்கு ஓட்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். தலையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் வண்ணப் பூச்சு தடித்துப் போன மட்டை அதில் சிக்கினால், போட்டி நாளில் நடுவர் அதைத் திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கிறது. அப்படியே விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு பூச்சுக்கு அடியில் மேடாகத் தட்டுப்பட்டால் இழைத்துச் சரிசெய்யாமல் பூசியிருக்கிறார்கள். ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் உள்ளே காற்றுக் குமிழிகள் இருக்கின்றன. கடைசியாக, பழைய பந்து ஒன்றால் தலையிலிருந்து மேல் நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்து ஒலியைக் கேட்க வேண்டும். ஒலி படிப்படியாக மாறிக்கொண்டு வருவது இயல்பு. ஒரே ஓரிடத்தில் மட்டும் திடீரென மொத்தென்று மங்கினால் அங்கே அடுக்குகள் ஒட்டவில்லை.

கைப்பிடியின் மேல் சுற்றிய கிரிப்பைப் பார்த்து மட்டையை மதிப்பிடுவது வீண். அது எப்படியும் மாற்ற வேண்டிய பொருள், மாற்றும் செலவும் மிகச் சொற்பம். மட்டையின் மேல் உள்ள ஓவியத்துக்கும் அதே கதைதான்: பல நிறுவனங்கள் அச்சை மாற்றாமல் ஆண்டுதோறும் வண்ணத்தை மட்டும் மாற்றுகின்றன. சென்ற ஆண்டின் வண்ணத்தில் தேங்கிக் கிடக்கும் நடுத்தர மட்டை, இந்த ஆண்டின் வண்ணத்தில் வரும் அடிமட்ட மட்டையின் விலைக்கே பல நேரம் கிடைக்கும். குறைந்த பணத்தில் மட்டை வாங்க எனக்குத் தெரிந்தவற்றில் இதுவே சிறந்த வழி.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். உள்ளரங்க ஹாக்கிக்கான மட்டைகள் மெல்லியவை, எடை குறைந்தவை, விலையும் குறைவாக இருக்கக்கூடும். உள்ளரங்க ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடிப்பதற்கு அனுமதி இல்லை, தள்ளவும் திசைதிருப்பவும் மட்டுமே முடியும் என்பதால் அந்த மட்டைகளை அதற்கேற்பச் செய்கிறார்கள். அதைத் திறந்தவெளி மைதானத்துக்கு எடுத்துச் சென்று ஓங்கி அடித்தால் முறிவது மட்டையின் குற்றமாகாது. பிள்ளைகளுக்கு வாங்கும்போது ‘வளர்ந்துவிடுவான், பெரிதாகவே எடுப்போம்’ என்று இரண்டு அளவு நீளமானதை எடுப்பதும் இதே வகைச் சிக்கனம்தான்: மட்டை இடுப்பெலும்புக்கு வெகு மேலே நின்றால் பிள்ளை நிமிர்ந்தே ஆடப் பழகும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குப் புது மட்டை வாங்குவதைவிட அதிகச் செலவாகும், காலமாகவும் பொறுமையாகவும். சின்னப் பிள்ளைகளுக்கு மர மட்டையே போதும் என்பது என் கருத்து. ஈரம் புகுந்தால் உப்பி நார் பிரியும், ஆனால் அது வெளிப்படையாகத் தெரியும் கேடு.

பந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விதிப்படி எடை 156 முதல் 163 கிராம், சுற்றளவு 224 முதல் 235 மில்லிமீட்டர். சமையலறைத் தராசும் தையல் நாடாவும் இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். மலிவுப் பந்து மெல்ல நீள்வட்டமாகும், மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். வழவழப்பான தளத்தில் உருட்டிவிட்டால் கோணலாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். பயிற்சிக்குத் தாராளமாக மலிவானதை வாங்கலாம்.

காலணியிலும் ஏறக்குறைய அப்படித்தான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஆடத் தொடங்கியதிலிருந்து அடிப்பாகத்தில் சிறுசிறு ரப்பர் குமிழ்கள் நெருக்கமாக உள்ள காலணிதான் இந்த ஆட்டத்துக்கு ஏற்றது. மலிவானவற்றில் முதலில் கெடுவது முன்நுனி. குனிந்து அடிக்கும்போது பின்காலின் நுனி தரையில் உரசிக்கொண்டே வருவதால் அங்கே ஒட்டு விடும். நுனியில் ரப்பர் மேலே ஏறிவந்து தைத்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம், வெறும் பசையில் நின்றால் வேண்டாம்.

பாதுகாப்புச் சாதனங்களுக்கு வரும்போது என் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. மட்டை கெட்டால் ஆட்டம் கெடும். காலின் முன்னெலும்பைக் காக்கும் ஷின் கார்டு கெட்டால் அது கெட்டுவிட்டது என்பதே அடி விழும் வரை தெரியாது. களத்தில் ஆடுபவர்கள் கெண்டைக்கால் முன்னெலும்பு, கணுக்கால், வாய் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு அணியுமாறு சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் விதிநூலே பரிந்துரைக்கிறது. வீட்டில் கால்பந்து ஷின் கார்டு இருக்கிறதே என்று அதையே மாட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது காலணியின் உதை படுவதற்காகச் செய்யப்பட்டது, குறுகலானது, பலவற்றில் கணுக்காலுக்கு மறைப்பே இருக்காது. ஹாக்கியில் வருவது கெட்டியான பந்தும் மட்டையின் விளிம்பும்.

ஷின் கார்டை வாங்கும்போது வெளி ஓட்டை இரு கட்டைவிரல்களாலும் நடுவில் அழுத்த வேண்டும். குழிந்து உள்ளே போனால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பிறகு உள்ளே உள்ள நுரைப் பஞ்சை அழுத்திப் பிடித்து விட வேண்டும். உடனே எழும்பினால் நல்லது, விரல் பதிந்த தடம் நெடுநேரம் நின்றால் ஒரு பருவம் ஆடுவதற்குள் அது தட்டையாகிவிடும். தட்டையான நுரை அடியின் வேகத்தைக் குறைக்காது, ஓட்டின் கடினத்தை எலும்புக்கு மாற்றிக் கொடுக்கும், அவ்வளவே. உள் உறையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்பதை மிகச் சாதாரண விஷயமாக நினைப்பார்கள். வியர்வை ஊறி நாற்றம் பிடித்த ஷின் கார்டைப் பிள்ளைகள் பையிலேயே விட்டுவிட்டு ஆடப் போவதைப் பார்த்த பிறகு நான் அப்படி நினைப்பதில்லை. நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சோதனைகளில் தேறும் ஷின் கார்டு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மேலே கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடை குறைவுக்கும் தோற்றத்துக்கும்தான் போகிறது.

பற்களைக் காக்க வாயில் மாட்டும் மவுத் கார்டில் வெந்நீரில் போட்டு மென்மையாக்கிக் கடித்துப் பதிக்கும் வகை, கொடுக்கும் பணத்துக்கு மிகப் பெரிய பலன் தருவது. பதிக்காமல் அப்படியே மாட்டும் வகை அதைவிட மலிவு, ஆனால் வாயில் நிற்பதற்கே பற்களை இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்; பேசவும் மூச்சு விடவும் தொல்லையாக இருப்பதால் கழற்றிக் காலுறைக்குள் செருகிவிடுவார்கள். பல்லில் கம்பி கட்டியிருப்பவர்கள் மட்டும் இந்த விஷயத்தில் பல் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

கோல்கீப்பர் சாதனங்களில்தான் மலிவு என்பது உண்மையில் ஆபத்தாகிறது. கோலுக்கு அருகே தடுக்கும் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில், டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வருவது உயர்மட்ட ஆட்டத்தில் வழக்கம். உள்ளூர் ஆட்டத்தில் அதில் முக்கால்வாசி வந்தாலும் பந்து அதே பந்துதான். கால் பேடுகளும், காலணிக்கு மேல் மாட்டும் கிக்கர்களும் செறிவு மிகுந்த நுரையால் ஆனவை. செறிவு குறைந்த நுரை இரண்டு வகையில் ஏமாற்றும்: அடியை முழுவதும் உள்வாங்காது, பந்தைத் திருப்பித் தள்ளவும் செய்யாது. இரண்டாவதைத்தான் முதலில் கவனிக்க முடியும். நல்ல கிக்கரில் பட்ட பந்து கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே போய் விழும்; மோசமானதில் பட்டது கோல்கீப்பரின் காலடியிலேயே செத்து விழுந்து எதிரணிக்கு இன்னொரு வாய்ப்பைக் கொடுக்கும். கடையில் சோதிப்பதற்குப் பந்தைத் தோள் உயரத்திலிருந்து பேடின் மேல் நேராக விட்டுப் பார்த்தாலே போதும், இரண்டு ஜோடிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு தெரிந்துவிடும்.

அந்த நுரை நீண்ட காலம் உழைக்கக்கூடியது என்பதால், கால் பேடையும் கிக்கரையும் பழையதாக வாங்குவதை நான் தயங்காமல் சொல்வேன். புதிய மலிவு ஜோடியைவிட, நன்றாகப் பராமரித்த பழைய உயர்தர ஜோடி எல்லா விதத்திலும் மேல். வார்களும் பக்கிள்களும் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். நுரையில் வெடிப்பு, விரலால் தேய்த்தால் பொடி உதிர்வது ஆகியவை இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஹெல்மெட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அது ஏற்கெனவே எத்தனை அடி வாங்கியிருக்கிறது, எப்போதாவது கீழே விழுந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வண்ணம் மறைத்துவிடும். முகக் கம்பிகளின் பற்றவைப்பு, கம்பி வளையை ஓட்டோடு இணைக்கும் திருகுகள், தொண்டைக் காப்பு தனியாகக் கிடைக்கிறதா என்பது, உள்ளிருக்கும் நுரை தலையை ஆடாமல் பிடிக்கிறதா என்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, புதியதாகவே வாங்க வேண்டும். மொத்தப் பணம் குறைவு என்றால் பேடைப் பழையதாக எடுத்து, மிஞ்சியதை இங்கே போடலாம். பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்கும் ஆட்டக்காரர்கள் அணியும் முகக் கவசத்துக்கும் இதேதான். கிளப்பின் பொதுப் பையில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும் கவசத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பல நேரம் மூக்குக்கு மேலே கோடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

மட்டை, பந்து, ஷின் கார்டு, பை எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் தொகுப்புகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தனித்தனியே வாங்குவதைவிட அது மலிவு என்பது உண்மைதான். நான் பார்த்தவற்றில் மட்டை பெரும்பாலும் ஓரளவு பரவாயில்லாமல் இருக்கும், ஏனென்றால் வாங்குபவர் பார்ப்பது அதைத்தான். குறைத்திருப்பது ஷின் கார்டின் ஓட்டில். பை மட்டும் எப்போதும் பிரமாதமாக இருக்கும். அப்படி வாங்கினால் ஷின் கார்டை மாற்றுவதற்கான செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

பழைய மட்டையை வாங்குபவர்கள் பார்க்க வேண்டிய இடம் முகம் அல்ல, விளிம்பு. மட்டையைத் திருப்பி விளிம்பால் அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டை அதிகம் ஆடுபவரின் மட்டையில், தட்டையான இடதுபக்க முகம் புதிதுபோல இருக்கும்போதே விளிம்பு தேய்ந்து இழை வெளியே தெரியும்; அந்த இடத்தில் ஈரம் புகுந்துவிட்டால் அடுக்குகள் பிரியத் தொடங்கும். தலையை இரு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்தினால் சற்றும் அமுங்கக் கூடாது. லேசாக முறுக்கினால் நறநறவென்ற ஒலி வரக் கூடாது. கடுமையான வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடந்த மட்டையா என்று கேட்பதும் நல்லது, பிசினுக்குச் சூடு ஆகாது. புதிய மட்டைக்கு உத்தரவாதம் தருவதாகச் சொன்னால் அந்தச் சீட்டை வாங்கி முழுவதும் படிக்க வேண்டும்: விளிம்புத் தேய்மானமும் மட்டையோடு மட்டை மோதி ஏற்படும் சேதமும் பெரும்பாலும் விலக்கு அளிக்கப்பட்ட பட்டியலிலேயே இருக்கும், மலிவு மட்டைகள் போவதும் அநேகமாக அந்த இரண்டு வழிகளில்தான். ரசீதைப் பத்திரப்படுத்தி, மட்டை வந்த அன்றே தலையையும் கழுத்தையும் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், தயாரிப்புக் குறையால் வந்த விரிசலுக்கு மாற்று மட்டை கேட்கும்போது பேச்சு சீக்கிரம் முடியும்.